தங்கியிருப்பதும் வந்துபோவதும்: புற்றுநோய்ப் பரவலில் இரண்டு காவல் செல்கள்

புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதலில் தோன்றிய கட்டி அல்ல. அது வேறு உறுப்புகளுக்குப் பரவுவதுதான். மார்பிலோ பெருங்குடலிலோ அடங்கியிருக்கும்வரை அறுவை மருத்துவரின் கைக்கு எட்டுகிற நோய், நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் பிடி நழுவிப்போகிறது. ஆனால் அந்தப் பயணம் புற்றுச்செல்லுக்கு எளிதே அல்ல. ஐசயா ஃபிட்லர், கதிரியக்க அடையாளமிட்ட மெலனோமா செல்களை எலிகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்து 1970-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு நாள் கழிந்தபோது ஆயிரத்தில் ஒரு செல்கூட உயிரோடு மிஞ்சவில்லை. இரத்த ஓட்டத்தின் விசை, தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்கள், வழியில் மடக்கும் எதிர்ப்புச் செல்கள் என்று எல்லாமே அதற்கு எதிராக இருக்கின்றன. அப்படியிருந்தும் நோய் பரவுகிறது என்றால், மிஞ்சுகிற அந்தச் சொற்பச் செல்களுக்கு யாரோ துணை நின்றிருக்க வேண்டும். துணை நின்றவற்றுள் நம் உடலின் காவல் செல்களும் உண்டு என்பது கடந்த கால் நூற்றாண்டு ஆய்வுகள் நம் முன் வைத்திருக்கும் கசப்பான உண்மை.

அந்தக் காவல் செல்களில் இரண்டை மட்டும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்: மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில். இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளம் உடலில் முள்ளைக் குத்தி வைத்த ஈலியா மெச்னிகோவ், மறுநாள் அந்த முள்ளைச் சூழ்ந்து செல்கள் மொய்த்திருப்பதைக் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் செல்கள் உடலில் உண்டு என்ற கொள்கை அங்கே பிறந்தது. விழுங்கும் செல்களை அவர் பின்னர் பெரியவை, சிறியவை என்று இரண்டாகப் பிரித்தார். பெரியவைதான் மேக்ரோஃபேஜ்கள். சிறியவை என்று அவர் குறித்தவற்றில் முதன்மையானவையே இன்றைய நியூட்ரோஃபில்கள். இந்தப் பெயர், சாயங்களைக் கொண்டு வெள்ளையணுக்களை வகைப்படுத்திய பால் எர்லிக்கிடமிருந்து வந்தது. மெச்னிகோவும் எர்லிக்கும் 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வேலை ஒன்றுதான் என்றாலும் இரண்டின் வாழ்க்கையும் வேறு. மேக்ரோஃபேஜ் திசுக்களில் குடியிருக்கும் செல். கல்லீரலில் ஒரு வகை, நுரையீரலின் காற்றுப்பைகளில் ஒரு வகை, மூளையில் ஒரு வகை என்று ஒவ்வொரு உறுப்பும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. இவற்றில் பல, நாம் கருவாக இருந்தபோதே அந்தந்த இடத்தில் வந்து தங்கியவற்றின் வழித்தோன்றல்கள். மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. இவை போதாதபோது இரத்தத்தில் ஓடும் மோனோசைட்டுகள் திசுவுக்குள் இறங்கி மேக்ரோஃபேஜாக உருமாறுகின்றன. நியூட்ரோஃபிலின் கதை இதற்கு நேர்மாறு. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்கி இரத்தத்தில் விடுகிறது. அங்கே அவற்றுக்கு வாய்ப்பது சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாளை ஒட்டிய காலம். வந்துபோகும் செல் அது. நம் ஊர் ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்து வாங்கும் தாளில் ‘பாலிமார்ஃப்’ என்ற பெயரில், வெள்ளையணுக்களில் பாதிக்கும் மேற்பட்ட விழுக்காட்டோடு முதல் வரியில் நிற்பது இதுதான். மேக்ரோஃபேஜோ எந்த இரத்தப் பரிசோதனைத் தாளிலும் வருவதில்லை. அதைப் பார்க்கத் திசுவையே வெட்டி எடுக்க வேண்டும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். மருத்துவத்தில் எது எவ்வளவு தூரம் ஆராயப்பட்டது என்பதையே இது பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

பரவலில் இவற்றின் பங்கைப் பேசுமுன் ஒரு சாதாரண வெட்டுக்காயத்தில் இவை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். காயம் பட்ட சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் வந்து குவிகின்றன. கிருமிகளை விழுங்குகின்றன, நொதிகளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொட்டுகின்றன, பிறகு அங்கேயே மடிகின்றன. இரண்டு மூன்று நாளில் அந்த இடம் மேக்ரோஃபேஜ்களின் கைக்கு வருகிறது. அவை மடிந்த நியூட்ரோஃபில்களை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. விழுங்கியதும் அவற்றின் போக்கே மாறுகிறது. அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்து, புது இரத்தக் குழாய்களை வரவழைத்து, செல்களைப் பெருகவும் நகரவும் தூண்டிக் காயத்தை மூடுகின்றன. முதல் ஆள் இடித்துத் தள்ளுகிறது, இரண்டாம் ஆள் கட்டி எழுப்புகிறது. கட்டி முடிந்ததும் இருவரும் ஓய்ந்துவிடுவதே ஆரோக்கியம்.

புற்றுக்கட்டியில் அந்த ஓய்வு வருவதில்லை. கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை ருடால்ஃப் விர்க்கோ 19-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்து, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கருதினார். 1986-இல் ஹரோல்ட் ட்வொராக், கட்டிகளை ஆறாத காயங்கள் என்று குறிப்பிட்டு எழுதிய கட்டுரை அந்த எண்ணத்துக்கு உறுதியான உருவம் தந்தது. எனக்கு இந்தப் பார்வைதான் இன்றும் மிகச் சரியாகப் படுகிறது. காவல் செல்கள் விலைபோய்விட்டன, துரோகம் செய்தன என்றெல்லாம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் புற்றுநோய் இவற்றுக்குப் புதிதாக எதையும் கற்றுத் தரவில்லை. காயத்தில் செய்யும் அதே வேலையைத்தான் இவை இங்கும் செய்கின்றன. எந்த வேலை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதில்தான் மேக்ரோஃபேஜும் நியூட்ரோஃபிலும் பிரிகின்றன.

மேக்ரோஃபேஜின் பங்கு முதலில் துலங்கியது நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில். எலைன் லின், ஜெஃப்ரி பொல்லார்ட் ஆகியோரின் குழு 2001-இல் வெளியிட்ட அந்தச் சோதனை, இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. ஏனென்றால் அதன் கேள்வி அவ்வளவு தெளிவானது. மேக்ரோஃபேஜ்கள் உருவாகவும் உயிர் வாழவும் சிஎஸ்எஃப்-1 என்ற புரதம் தேவை. மரபுப் பிழையால் அந்தப் புரதமே சுரக்காத ஒரு வகை எலிக்குப் பல திசுக்களில் மேக்ரோஃபேஜ்கள் மிகக் குறைவு. அந்த எலியை, தவறாமல் மார்பகப் புற்று வரும் இன்னொரு வகை எலியோடு கலந்து வளர்த்தார்கள். பிறந்த எலிகளில் கட்டி வந்தது. வேகம் குறையாமல் வளரவும் செய்தது. ஆனால் அது சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவும் நிலையை எட்டுவது தாமதமானது, நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. மார்பகத்தில் மட்டும் சிஎஸ்எஃப்-1 சுரக்கும்படி செய்தபோது மேக்ரோஃபேஜ்கள் திரும்பி வந்தன. அவற்றோடு பரவலும் திரும்பியது. கட்டி வளர்வது ஒன்று, பரவுவது வேறொன்று, இரண்டாவதற்கு மேக்ரோஃபேஜ் வேண்டும் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

எப்படி உதவுகிறது என்பதை அதே நிறுவனத்தில் ஜான் கான்டீலிஸின் குழு கண்ணால் பார்த்தது. உயிரோடு இருக்கும் எலியின் கட்டிக்குள் சிறப்பு நுண்ணோக்கியைச் செலுத்தி, நிறம் ஏற்றிய செல்களின் நகர்வைப் படம்பிடித்தார்கள். புற்றுச்செல்களும் மேக்ரோஃபேஜ்களும் கொலாஜன் இழைகளைப் பற்றியபடி சேர்ந்தே இரத்தக் குழாயை நோக்கி நகர்ந்தன. புற்றுச்செல் சிஎஸ்எஃப்-1-ஐச் சுரந்து மேக்ரோஃபேஜை இழுக்கிறது. மேக்ரோஃபேஜ் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து புற்றுச்செல்லை இழுக்கிறது. இந்த இரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் இரண்டு செல்களின் நகர்வும் குன்றிவிடுகிறது. குழாயின் ஓரத்தை அடைந்ததும் நடப்பது இன்னும் நுட்பமானது. குழாய்ச் சுவரை ஒட்டியிருக்கும் ஒரு மேக்ரோஃபேஜ், சுவரின் ஒரு செல், ஒரு புற்றுச்செல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில், மேக்ரோஃபேஜ் விஇஜிஎஃப் என்ற பொருளைச் சுரந்து சுவரைச் சிறிது நேரம் நெகிழ்த்துகிறது. அந்த இடைவெளியில் புற்றுச்செல் இரத்தத்துக்குள் நுழைந்துவிடுகிறது. சுவர் மறுபடி மூடிக்கொள்கிறது. புது இரத்தக் குழாய்களை வரவழைக்கக் காயத்தில் மேக்ரோஃபேஜ் பயன்படுத்தும் அதே விஇஜிஎஃப்தான் இது.

இது எலியின் கதை மட்டும் அல்ல. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மார்பகப் புற்று பரவிய 30 பெண்களின் பழைய திசு மாதிரிகளையும், அவர்களோடு பல அம்சங்களில் ஒத்த, ஆனால் பரவாத 30 பேரின் மாதிரிகளையும் ஒப்பிட்டது. மூன்று செல்களும் ஒட்டி நிற்கும் அந்த இடங்கள் பரவியவர்களின் திசுவில் அதிகமாக இருந்தன. பிறகு நடந்த பெரிய ஆய்வில் இத்தொடர்பு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, ஹெர்2 இல்லாத வகை மார்பகப் புற்றில் தெளிவாகத் தெரிந்தது. மனிதத் திசுவில் இடத்தைக் குறிப்பிட்டுக் காட்டக்கூடிய சான்று என்பதால் இதற்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

மேக்ரோஃபேஜுக்கு இந்த வழிகாட்டும் வேலை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் பொல்லார்டின் குழுவிடமே விடை இருந்தது. பருவ வயதில் மார்பகத்தின் பால் நாளங்கள் கொழுப்புத் திசுவைத் துளைத்துக் கிளை பரப்பி வளர வேண்டும். நாள நுனிகளைச் சுற்றி அப்போது மேக்ரோஃபேஜ்கள் கூடியிருக்கின்றன; அவை குறைந்த எலிகளில் நாளங்கள் சரியாகக் கிளைப்பதில்லை. ஆரோக்கியமான உடலில் மார்பகச் செல்லுக்கு வழி திறந்துவிடும் பணி இயல்பாகவே இதனுடையது.

நியூட்ரோஃபில் பக்கம் வந்தால் காட்சி புறப்படும் இடத்திலிருந்து பாதைக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் மாறுகிறது. இங்கே பேச வேண்டிய முதல் செய்தி, 2004-இல் பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தில் ஃபோல்க்கர் பிரிங்மன், ஆர்ட்டுரோ ஸைக்லின்ஸ்கி ஆகியோரின் குழு கண்டறிந்தது. கிருமியை விழுங்குவதோடு நியூட்ரோஃபில் நிற்பதில்லை. தன் உட்கருவிலுள்ள டிஎன்ஏ-வையே அவிழ்த்து, கிருமிக்கொல்லி நொதிகள் ஒட்டிய ஒரு வலையாக வெளியே வீசுகிறது. பெரும்பாலும் அதோடு அந்தச் செல்லின் ஆயுளும் முடிகிறது. பாக்டீரியாவைச் சிக்க வைக்க உருவான இந்த வலை, இரத்தத்தில் மிதந்து வரும் புற்றுச்செல்லையும் பிடித்து நிறுத்துகிறது. மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2013-இல் கடும் தொற்று உண்டாக்கப்பட்ட எலிகளில் இதைக் காட்டியது. வலைகள் கல்லீரலின் நுண்குழாய்களில் படிந்தன, புற்றுச்செல்கள் அவற்றில் சிக்கின, கல்லீரலில் புதுக் கட்டிகள் பெருகின. டிஎன்ஏ-வை வெட்டும் நொதியைக் கொடுத்தபோது கட்டிகள் குறைந்தன. சிக்கிய செல் சாகவில்லை என்பதுதான் வேதனை. பாக்டீரியாவுக்குப் பொறியாக இருந்தது, புற்றுச்செல்லுக்கு ஓடும் இரத்தத்தில் கிடைத்த பிடிமானம் ஆகிவிட்டது. 2020-இல் சீன ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். வலையின் டிஎன்ஏ-வை உணர்ந்து அதை நோக்கி நகர உதவும் ஒரு புரதம், சிசிடிசி25, புற்றுச்செல்லின் மேற்பரப்பிலேயே இருக்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் சில செல்கள் வலையில் தற்செயலாகச் சிக்குவதில்லை, அதைத் தேடிப் போகின்றன.

வலை வீசாமலும் நியூட்ரோஃபில் உதவக்கூடும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நிக்கோலா அசெட்டோவின் குழு, மார்பகப் புற்று நோயாளிகளின் இரத்தத்தில் புற்றுச்செல்லும் நியூட்ரோஃபிலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பயணிப்பதை 2019-இல் பதிவு செய்தது. அப்படித் துணையோடு போகும் புற்றுச்செல்கள் இரத்தத்தில் இருக்கும்போதே பிரிந்து பெருகத் தயாராக இருந்தன; அத்தகைய ஒட்டுகள் காணப்பட்ட நோயாளிகளுக்கு நோய் விரைவாக முற்றியது. எண்ணிக்கையில் இவை மிகச் சில. ஆனால் ஃபிட்லரின் கணக்கை நினைத்துப் பார்த்தால், சிலவற்றின் விதிதானே இந்த நோயில் எல்லாம்.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் உலுக்கியது, கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மிக்காலா எகெப்ளாடின் குழு 2018-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. மார்பகப் புற்று குணமாகிவிட்டது என்று நம்பி ஆண்டுகள் கழிந்தபின் சிலருக்கு நோய் வேறு உறுப்பில் திரும்ப வருகிறது. அதுவரை அங்கே பெருகாமல் உறங்கிக் கிடந்த செல்கள்தான் அதற்குக் காரணம். எவை அவற்றை எழுப்புகின்றன? நுரையீரலில் உறங்கும் புற்றுச்செல்கள் உள்ள எலிகளுக்குப் பாக்டீரியாப் பொருளாலோ புகையிலைப் புகையாலோ நீடித்த அழற்சியை உண்டாக்கினார்கள். நியூட்ரோஃபில்கள் வந்து வலை வீசின. வலையில் ஒட்டியிருந்த இரண்டு நொதிகள், செல்கள் பற்றிக்கொண்டிருக்கும் லாமினின் என்ற புரதத்தை வெட்டின. வெட்டுப்பட்டு வெளித்தெரிந்த பகுதியைத் தொட்ட புற்றுச்செல் உறக்கம் கலைந்து பெருகத் தொடங்கியது. அந்தப் பகுதியை மறைக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது செல்கள் உறக்கத்திலேயே இருந்தன. எலியில் கண்ட இந்த வரிசை மனிதரிலும் அப்படியே நடக்கிறது என்று இதை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட ஒருவரிடம் புகைக்காதீர்கள், வீட்டில் மற்றவர்களையும் புகைக்க விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லும்போது, அதற்குப் பின்னால் இப்படி ஒரு படிப்படியான விளக்கம் இருக்கக்கூடும் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

ஆக, மேக்ரோஃபேஜின் பங்கு அதன் உடலைச் சார்ந்தது. அது அருகில் இருந்து, தொட்டு, மாற்றி மாற்றிச் சமிக்ஞை கொடுத்து நடத்துகிறது. நியூட்ரோஃபிலின் பங்கோ பெரும்பகுதி அது விட்டுச்சென்றதைச் சார்ந்தது. செல் மடிந்த பிறகும் அதன் வலையும் நொதிகளும் வேலை செய்கின்றன. முன்னது நீண்டகால உறவு, பின்னது சில நாள் நிகழ்வின் விளைவு. இரண்டும் கட்டியைத் தாக்க வரும் டி செல்களை மட்டுப்படுத்துகின்றன என்பதில் மட்டும் அதிக வேறுபாடு இல்லை; அதை விரிக்காமல் கடக்கிறேன்.

இவ்வளவும் சொன்னபின், எதிர்ச் சான்றுகளை மறைப்பது நேர்மையாகாது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ராபர்ட் பெனெஸ்ராவின் குழு 2011-இல் இதற்கு நேர் எதிரானதைக் கண்டது. மார்பகக் கட்டி உள்ள எலிகளின் நியூட்ரோஃபில்கள், நுரையீரலில் வந்து இறங்கும் புற்றுச்செல்களை ஹைட்ரஜன் பெராக்சைடால் கொன்றன. நான்கு ஆண்டு கழித்து நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் கரீன் டி விஸரின் குழு வேறொரு எலி வகையில், நியூட்ரோஃபில்கள் டி செல்களை அடக்கிப் பரவலுக்கு வழிவிடுவதைக் காட்டியது. எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். நோயின் தொடக்கத்தில் வரும் முதிர்ந்த நியூட்ரோஃபிலும், கட்டியின் தூண்டுதலால் மஜ்ஜை அவசரமாக அனுப்பும் முதிராத நியூட்ரோஃபிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சுற்றி இருக்கும் மற்றச் செல்களும் முடிவை மாற்றுகின்றன.

மேக்ரோஃபேஜிலும் இதே முரண் உண்டு, ஆனால் அதற்கான விளக்கம் வேறு. கல்லீரலில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களான குப்ஃபர் செல்கள் இரத்தத்தில் வரும் புற்றுச்செல்லைப் பிடித்து விழுங்குகின்றன. எலிகளில் அவற்றை முன்கூட்டியே அகற்றினால் கல்லீரல் கட்டிகள் பெருகுகின்றன. அதே சமயம், கட்டி அனுப்பும் சிசிஎல்2 என்ற அழைப்பை ஏற்று இரத்தத்திலிருந்து வந்து இறங்கும் மோனோசைட்டுகள் மேக்ரோஃபேஜாகி, புற்றுச்செல் நுரையீரலில் வேரூன்ற உதவுகின்றன. பொல்லார்டின் குழு 2011-இல் இதைக் காட்டியது. ஆகவே மேக்ரோஃபேஜைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது, அது பிறப்பிலிருந்தே அந்த உறுப்பில் இருப்பதா, புதிதாக வந்து சேர்ந்ததா என்பது. நியூட்ரோஃபிலைப் பொறுத்தவரை, அது நோயின் எந்தக் கட்டத்தில், எந்த முதிர்ச்சியில் வந்தது என்பது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் நல்லது, கெட்டது என்று இரண்டு பெட்டிகளில் போட்டுவைக்கும் பழக்கம் பாடநூல்களில் இன்னும் இருக்கிறது. மேக்ரோஃபேஜை எம்1, எம்2 என்றும் நியூட்ரோஃபிலை என்1, என்2 என்றும் பெயரிட்டு எழுதுகிறார்கள். தொடக்கத்தில் அது உதவியது. இப்போது அது சிந்தனையைக் குறுக்குகிறது என்றே கருதுகிறேன்.

சிகிச்சையில் இந்த ஒப்பீடு வெறும் அறிவுப் பயிற்சியாக நிற்பதில்லை. மேக்ரோஃபேஜை வரவிடாமல் தடுத்தால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். சிசிஎல்2-ஐக் கட்டிப்போடும் கார்லுமாப் என்ற எதிர்ப்பொருள் முற்றிய புராஸ்டேட் புற்றில் சோதிக்கப்பட்டது. பலன் இல்லை, இரத்தத்தில் சிசிஎல்2-இன் அளவு தடுப்பை மீறி உயர்ந்தது. அதைவிடப் பெரிய எச்சரிக்கை 2014-இல் பாசலில் இருந்து வந்தது. எலிகளில் இந்தத் தடுப்பு நடக்கும்வரை பரவல் குறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும், அதுவரை மஜ்ஜையில் தேங்கியிருந்த மோனோசைட்டுகள் மொத்தமாக வெளியேறிப் பரவலை முடுக்கின. மருந்தே கொடுக்கப்படாத எலிகளைவிட இவை முன்னதாக இறந்தன. எதைத் தொடங்குகிறோம் என்பதோடு எப்படி நிறுத்தப்போகிறோம் என்பதையும் மேக்ரோஃபேஜ் சிகிச்சையில் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும் என்று இது உணர்த்தியது.

சிஎஸ்எஃப்-1-இன் ஏற்பியைத் தடுக்கும் பெக்ஸிடார்டினிப் மருந்துக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது மூட்டுகளை ஒட்டி வரும் அரிய கட்டி ஒன்றுக்கு. அந்தக் கட்டியின் பெரும்பகுதி சிஎஸ்எஃப்-1-ஆல் இழுக்கப்பட்டு வந்த மேக்ரோஃபேஜ் வகைச் செல்கள்தான். கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அந்த மருந்தோடு வருகிறது. மார்பகம், பெருங்குடல் போன்ற பெருவாரியான புற்றுகளில் இவ்வகை மருந்துகள் தனித்து நின்று பெரிதாகச் சாதிக்கவில்லை. நெடுநாள் வாழும், இடத்துக்கு ஏற்ப மாறும் ஒரு செல்லை ஒழிப்பதைவிட அதன் போக்கை மாற்றுவதே வழி என்ற திசையில் ஆய்வு இப்போது நகர்கிறது. எலிகளின் மூளைக் கட்டியில் ஜோஹானா ஜாய்ஸின் குழு 2013-இல் அப்படி ஒன்றைச் செய்து காட்டியது. அங்கே மேக்ரோஃபேஜ்கள் சாகவில்லை, கட்டிக்கு உதவுவதை மட்டும் குறைத்துக்கொண்டன.

நியூட்ரோஃபிலை ஒழிப்பது பற்றிப் பேசவே முடியாது. கீமோ எடுக்கும் ஒருவரின் குடும்பத்தில் ‘கவுண்ட் எவ்வளவு?’ என்ற கேள்வி எவ்வளவு கவலையோடு கேட்கப்படுகிறது என்பது அதைக் கடந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் சாதாரணத் தொற்றே உயிருக்கு ஆபத்தாகும். அதனால்தான் கவுண்ட்டைக் கூட்டும் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி பல உயிர்களைக் காத்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் அதைத் தவிர்ப்பதற்குக் காரணம் ஆகாது. நியூட்ரோஃபிலை உயிரோடு விட்டுவைத்து, அதன் கெடுதலை மட்டும் எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி. இங்கே ஆறுதலான செய்தி, அதற்கான சில கருவிகள் ஏற்கெனவே மருந்துக் கடையில் இருக்கின்றன என்பது. டிஎன்ஏ-வை வெட்டும் நொதி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சளியை இளக்க 1993 முதல் மூச்சுவழி மருந்தாகப் பயன்படுகிறது. எகெப்ளாடின் குழு 2016-இல் இந்த நொதியை நுண்துகள்களில் பூசி எலிகளுக்குக் கொடுத்து நுரையீரல் பரவலைக் குறைத்தது. நியூட்ரோஃபில் சுரக்கும் லூக்கோட்ரையீன் என்ற பொருள்கள் பரவலுக்கு உதவுவதை லண்டனில் இலாரியா மலான்கியின் குழு கண்டபோது, அதைத் தடுக்க அவர்கள் எடுத்தது ஆஸ்துமாவுக்கான ஸைலூடன் மாத்திரையின் மருந்துப் பொருளை. இவை எலிச் சோதனைகள். மனிதரிடம் பலன் காட்டும்வரை யாரும் இவற்றைத் தாமாக நாடக் கூடாது.

எதை அளக்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். நியூட்ரோஃபில் எண்ணிக்கையை, இன்னொரு வகை வெள்ளையணுவான லிம்போசைட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கிடைத்துவிடுகிறது. 2014-இல் நூறு ஆய்வுகளைத் தொகுத்து, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைப் பார்த்தவர்கள், இந்த விகிதம் உயர்ந்திருந்தவர்களின் ஆயுள் பொதுவாகக் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். இருந்தாலும் ஒரு காய்ச்சலோ ஸ்டீராய்டு மாத்திரையோகூட இந்த எண்ணை உயர்த்திவிடும். கையில் உள்ள தாளில் பாலிமார்ஃப் விழுக்காட்டைப் பார்த்து வீட்டிலேயே கணக்குப் போட்டு மனம் உடைந்துபோகும் நோயாளிகளுக்காக இதைச் சொல்கிறேன்: பெருங்கூட்டத்தின் சராசரி உங்கள் ஒருவரின் தலையெழுத்தைச் சொல்லாது. மேக்ரோஃபேஜ் பக்கம் அளப்பது கடினம். ஆனால் அங்கே கிடைக்கும் மூன்று செல் ஒட்டின் கணக்கு, எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறது. எளிதாகக் கிடைக்கும் எண் மங்கலானது, அரிதாகக் கிடைக்கும் எண் கூர்மையானது.

இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றில் முதலில் கை வைக்கச் சொன்னால், அறுவை சிகிச்சையை ஒட்டிய நாள்களில் நியூட்ரோஃபிலின் வலைகளைத்தான் நான் சுட்டுவேன். அறுவையும் ஒரு காயம்தான்; அதைத் தொடர்ந்து நியூட்ரோஃபில்கள் திரள்வது இயல்பு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவி அதை வெட்டி எடுத்த நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் வலைகள் அதிகம் உருவானவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. எலிகளில் அதே சூழலை உண்டாக்கி வலையைக் கலைத்தபோது புதுக் கட்டிகள் குறைந்தன. தொடக்கமும் முடிவும் தெரிந்த சில நாள்கள், ஏற்கெனவே பழகிய ஒரு நொதி, இரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய விளைவு என்று ஒரு நல்ல மருத்துவச் சோதனைக்கு வேண்டியவை இங்கே கூடி வருகின்றன. மேக்ரோஃபேஜுக்கு அப்படிக் குறிப்பிட்ட நாள்கள் இல்லை. கட்டி இருக்கும்வரை அது அங்கே இருக்கிறது, கட்டியை எடுத்தபின் வேறு உறுப்பில் தொடர்கிறது.

நான் மேலே எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் அநேகமாக எல்லாமே ஒரு செல்லை மட்டும் மையமாக வைத்தவை. ஒரு குழு மேக்ரோஃபேஜைப் பார்த்தது, இன்னொரு குழு வேறு எலியில், வேறு கட்டியில் நியூட்ரோஃபிலைப் பார்த்தது. ஆனால் காயத்தில் இவை அடுத்தடுத்து வருபவை. மடிந்த நியூட்ரோஃபிலை விழுங்கித்தான் மேக்ரோஃபேஜ் சீரமைப்புப் பணிக்குத் திரும்புகிறது. ஆறாத காயமான கட்டிக்குள் நியூட்ரோஃபில்கள் ஓயாமல் வந்து மடியும்போது, அவற்றை விழுங்கும் மேக்ரோஃபேஜும் ஓயாமல் சீரமைப்பு மனநிலையிலேயே வைக்கப்படுகிறதா? அப்படியென்றால் ஒன்றைத் தடுப்பது மற்றதையும் மாற்றும். இதை அறிய, ஒரே நோயாளியிடம் அறுவைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரத்தமும், அறுவையில் எடுத்த திசுவும் ஒன்றாக ஆராயப்பட வேண்டும். இப்போதோ திசு, நோய்க்கூறு ஆய்வகத்துக்குப் போகிறது, இரத்தம் வேறோர் ஆய்வகத்துக்குப் போகிறது. இரண்டு அறிக்கைகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் ஆய்வுகளுக்குத்தான் இனி பணமும் காலமும் ஒதுக்கப்பட வேண்டும்.